அயல்தேசத்தில் ஒரு வீடு: வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத அங்கத்தினர்களுக்காகவும் பிற ஊர் அன்பர்களுக்காகவும் எழுத்தில் தரப்படுகிறது.)



நம் காரியதரிசி போன வாரம் என் அகத்துக்கு வந்து, "நீங்கள் பேங்கில் அந்நியச் செலாவணிப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். வெளிநாட்டில் வீடு வாங்குவது பற்றி அரை மணி நேரம் பேசுங்கள். ஏழரை மணிக்குச் சுண்டல் தயாராகிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்" என்றார். சுண்டலோடு போட்டி போடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் இன்று இந்தப் பேச்சு இல்லாத வீடு குறைவு. ஒரு பிள்ளை துபாயில், இன்னொரு பெண் மெல்போர்னில், மருமான் டல்லாஸில். "அப்பா, வாடகை கொடுத்தே காலம் போறது, கொஞ்சம் கை கொடுத்தா ஒரு பிளாட் வாங்கிடலாம்" என்று போன் வருகிறது. இன்னொரு பக்கம், சனி, ஞாயிறுகளில் பெரிய ஹோட்டல்களில் துபாய் பில்டர்கள் கண்காட்சி நடத்துகிறார்கள். காபி கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கட்டடத்தைக் காட்டி, மாதம் ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்கிறார்கள். ரிடையர் ஆகி வந்த கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் பேங்கில் சும்மா கிடப்பது போலத் தோன்றுகிற நேரம் அது.

வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்கி நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதில் முதல் இரண்டையும் நான் உத்தியோக ரீதியாக அறிவேன். மூன்றாவதை என் சொந்தக் குடும்பத்தில் தவறவிட்டுக் கற்றுக்கொண்டேன். அதை என் அக்காவின் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்.

என் அத்திம்பேர் 1987-ல் துபாய் போனார். கராமாவில் இருபது வருஷத்துக்கு மேல் வாடகை வீட்டில் இருந்தார். 2007-ல், கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் ஒரு படுக்கையறை பிளாட்டுக்கு முன்பணம் கட்டினார். 2010-ல் சாவி கிடைத்தது. 2013-ல் வேலையை முடித்துக்கொண்டு நாக்பூருக்கே வந்துவிட்டார். அந்த பிளாட்டின் வாடகைதான் அவருக்குப் பென்ஷன். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு வேறு பென்ஷன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் கேள்வி: அந்த தேசம் எனக்கு எதை விற்கிறது?

நம் ஊரில் கிரயப் பத்திரம் பதிந்துவிட்டால் நிலம் நம்முடையது. அந்நிய தேசத்தில் பிரஜை அல்லாதவனுக்கு அப்படி இல்லை. அங்கே நாம் வாங்குவது அந்த அரசாங்கம் கொடுக்கும் ஓர் அனுமதியையும் சேர்த்துத்தான். அனுமதியின் எல்லை எதுவோ, அதுதான் நம் சொத்தின் எல்லை.

துபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 வரை பிறநாட்டவர் அங்கே முழு உரிமையாக வாங்கும் பேச்சே கிடையாது. அந்த வருஷம்தான் கதவைத் திறந்தார்கள். 2006-ல் வந்த ஏழாம் எண் சட்டம் அதை முறைப்படுத்தியது. அதன்படி, ஆட்சியாளர் குறித்துக் கொடுத்த பகுதிகளில் மட்டும் பிறநாட்டவர் முழு உரிமையாகவோ, 99 வருஷம் வரையிலான குத்தகையாகவோ வாங்கலாம். துபாய் மரீனா, பாம் ஜுமைரா, புர்ஜ் கலீஃபா சுற்றுவட்டாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அத்திம்பேர் இருபது வருஷம் குடியிருந்த கராமா அதில் இல்லை. பழகின பேட்டையில் அவரால் ஒரு ஜன்னல்கூட வாங்க முடியாது. ஊருக்குப் புறம்பாக, மணலாகக் கிடந்த இடத்தில்தான் வாங்கினார். ஆகவே, காட்டப்படும் கட்டடம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறதா, தருவது முழு உரிமையா குத்தகையா என்று முதலில் கேளுங்கள்.

கட்டி முடிக்காத வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை. 2008 கடைசியில் வந்த சரிவில் துபாயில் எத்தனையோ கட்டடங்கள் பாதியில் நின்றன, சில திட்டங்கள் ரத்தே ஆயின. அந்த இரண்டு வருஷம் அத்திம்பேர் தினம் ஆபீஸ் போகும்போது அந்தக் கட்டடம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவாராம், கிரேன் அசைகிறதா என்று பார்க்க. அவருடையது நல்ல வேளையாக எழும்பியது. வாங்குபவர் கட்டும் பணம் தனிக் கணக்கில்தான் போக வேண்டும், அந்தக் கட்டடத்துக்குத்தான் செலவாக வேண்டும் என்று 2007-ல் எட்டாம் எண் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆகவே உங்கள் செக்கோ டிராஃப்டோ அந்தத் தனிக் கணக்கின் பெயருக்கா, அல்லது பில்டரின் சொந்தக் கணக்குக்கா, அல்லது ஏஜெண்டின் கணக்குக்கா என்று பாருங்கள். பிந்தைய இரண்டும் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். விலைக்கு மேல் பதிவுக் கட்டணமும் உண்டு. 2013 அக்டோபரில் துபாய் நிலத்துறை அதை இரண்டிலிருந்து நான்கு சதவீதம் ஆக்கியது.

இன்னொன்று. இருபது லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் கோல்டன் விசா கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது குறிப்பிட்ட காலத்துக்கு வசிக்கும் உரிமைதானே தவிர, பிரஜா உரிமை அல்ல. வீடு வாங்கினால் பாஸ்போர்ட் மாறாது.

மற்ற தேசங்களிலும் இதே கேள்விதான், பதில்தான் வேறு. சிங்கப்பூரில் பிரஜை தன் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டாம். நிரந்தரவாசி ஐந்து சதவீதம் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கோ 2023 ஏப்ரல் 27 முதல் 60 சதவீதம்! நூறு ரூபாய் வீட்டுக்கு அறுபது ரூபாய் தீர்வை. வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. கனடா அந்த மரியாதைகூடப் பார்க்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் பிறநாட்டவர் நகரங்களில் குடியிருப்பு வாங்கத் தடை போட்டு, பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு சில விலக்குகள் உண்டு. ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே கட்டிக் குடியிருந்த வீட்டைப் பிறநாட்டவர் வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை என்று அறிவித்தார்கள். தற்காலிக விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். புது வீடு என்றால் அரசாங்க அனுமதி பெற்று வாங்கலாம்.

இந்தத் தேதிகளை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லாமே ஒரு நாள் அறிவித்து மாற்றியவை. வாக்குரிமை இல்லாத வாங்குபவனைக் கேட்டுக்கொண்டு எந்த அரசாங்கமும் சட்டத்தை மாற்றாது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது கேள்வி: பணம் எந்த வழியாகப் போகிறது?

இது என் உத்தியோகம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டில் வீடு வாங்க நம் சட்டம் அனுமதிக்கிறது. ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் எல்.ஆர்.எஸ். என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆளுக்கு 25,000 டாலர்தான் வரம்பு. அது ஏறி, இறங்கி, 2015 மே முதல் ஒரு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர். கணவன், மனைவி, இங்கேயே வசிக்கும் பிள்ளைகள் தங்கள் தங்கள் வரம்பைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டில் வந்த புது விதிகளிலும் இது இருக்கிறது.

ஆனால் நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, இந்தப் பணம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். இந்த வகை அனுப்புதலுக்குக் கடன் கொடுக்க பேங்குகளுக்கு அனுமதி இல்லை. ஹவாலா, தெரிந்தவர் மூலம் கைமாற்று, இவை வேண்டவே வேண்டாம். கண்காட்சியில் கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டச் சொல்வார்கள். வீடு வாங்குவது மூலதனக் கணக்கு. அதற்கு பேங்குக்குப் போய் உரிய படிவம் கொடுத்து அனுப்புவதே முறை.

இரண்டு, டி.சி.எஸ். வீடு வாங்க அனுப்பும் பணத்தில் ஒரு வருஷத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரி பிடிக்கப்படும். அந்தப் பத்து லட்சம் வரம்பு 2025 ஏப்ரல் முதல் வந்தது, அதற்கு முன் ஏழு லட்சம். இது போகிற பணம் இல்லை. ரிட்டர்ன் போட்டுக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். ஆனால் ஐம்பது லட்சம் அனுப்பினால் எட்டு லட்சம் சில மாதங்கள் அரசாங்கத்திடம் இருக்கும். கையில் அதையும் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மூன்று, வருமான வரி. வெளிநாட்டில் சொத்து இருப்பவர் நாம் வழக்கமாகப் போடும் எளிய ஐ.டி.ஆர்-1 போடக் கூடாது. ஐ.டி.ஆர்-2 போட்டு, அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் விவரம் எழுத வேண்டும். வாடகை வராவிட்டாலும், பூட்டிக் கிடந்தாலும் எழுத வேண்டும். எழுதத் தவறினால், 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தின்படி வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். சிறு தொகைகளுக்கு 2024-ல் ஒரு சலுகை தந்தார்கள். அசையாச் சொத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. துபாயில் தனிநபர் வாடகை வருமானத்துக்கு வரி இல்லைதான், ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு அந்த வாடகைக்கு இங்கே வரி உண்டு.

நான்கு, இதுதான் முக்கியம். ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடும்போது, அடுத்த ஐந்து வருஷமும் நம் நாட்டு விதி இப்படியே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறீர்கள். 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது என்ன ஆயிற்று? 2,00,000 டாலர் வரம்பை ஒரே நாளில் 75,000 ஆக்கினார்கள். வீடு வாங்க அனுப்பவே கூடாது என்றார்கள். பாதித் தவணை கட்டியவர்கள் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முன்பே ஒப்பந்தம் போட்டவர்கள் பாக்கியை அனுப்பலாம் என்று சில வாரங்களில் விளக்கம் வந்தது. அடுத்த வருஷம் தடையும் நீங்கியது. ஆனால் அந்தச் சில வாரங்களில் தூங்காதவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இரண்டு கேள்விகளிலும் அத்திம்பேரின் பைல் சுத்தம். அவர் வெளிநாட்டில் வசித்தபோது, அங்கே சம்பாதித்த பணத்தில் வாங்கியது. திரும்பி வந்த பிறகும் அதை வைத்துக்கொள்ள ஃபெமா சட்டம் ஆறாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு அனுமதிக்கிறது. 2013-ல் நானே உட்கார்ந்து பைல் போட்டேன். உரிமைப் பத்திரம், ரசீதுகள், பேங்க் ஸ்டேட்மெண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஆடிட்டர்கூடப் பாராட்டினார்.

அன்று சாயங்காலம் ஊஞ்சலில் காபி குடித்துக்கொண்டே அத்திம்பேர் கேட்டார்: "ஏண்டா, இதுக்கு உயில் ஏதாவது எழுதணுமோ?"

நான் சொன்ன பதிலை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. "இப்போ என்ன அத்திம்பேர் அவசரம்? அறுபத்திரண்டுதானே ஆறது. ஊருக்கு வந்த உடனே அந்தப் பேச்செல்லாம் எதுக்கு?"

சட்டம் தெரியாமல் சொன்னதில்லை. அக்கா கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அமங்கலமான பேச்சு வேண்டாம் என்று சொன்னேன்.

2015 பிப்ரவரியில் அத்திம்பேர் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். உயில் இல்லை.

மூன்றாவது கேள்வி: எனக்குப் பிறகு யாருக்கு, எந்தச் சட்டப்படி?

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு பைலைத் திறந்தோம். துபாயில் ஒரு நண்பருக்கு அத்திம்பேர் பவர் பத்திரம் கொடுத்திருந்தார். அவர்தான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் அன்றே காலாவதி. வாடகை விழுந்துகொண்டிருந்த பேங்க் கணக்கும் முடங்கியது. ஒப்பந்தம் முடிந்ததும் குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். புதிதாகக் கையெழுத்துப் போட உரிமையாளர் இல்லை. ஆனால் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. வருஷத்துக்குப் பதினோராயிரம் திர்ஹாம். வருமானம் தந்த வீடு, வருமானம் நின்று செலவு கேட்க ஆரம்பித்தது.

இனி யாருக்கு என்ன பங்கு? அக்கா, ஒரு பிள்ளை, ஒரு பெண், அத்திம்பேரின் அம்மா. அம்மாவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. நம் ஹிந்து வாரிசுச் சட்டப்படி நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. ஆனால் வீடு இருப்பது அங்கே. அங்கே பொதுவாகச் செல்லும் ஷரீஅத் முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறில் ஒன்று, மீதியில் பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. அது அவர்கள் தேசத்துச் சட்டம். அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. பிறநாட்டவர் தம் நாட்டுச் சட்டத்தைக் கோரலாம் என்று அங்கே 2005-ல் வந்த குடும்பச் சட்டத்திலேயே வழி இருந்தது. ஆனால் கோர வேண்டும். நிரூபிக்க வேண்டும். அத்தனைக்கும் அரபி மொழிபெயர்ப்பு வேண்டும்.

இங்கே கோர்ட்டில் வாரிசுச் சான்று, மாநில அரசின் அத்தாட்சி, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, பிறகு அவர்கள் தூதரகம், பிறகு அங்கே அவர்கள் அமைச்சகம் என்று ஒரே காகிதம் ஐந்து இடத்துக்குப் போக வேண்டும். ஓர் எழுத்துப் பிழை என்றால் மறுபடி முதலிலிருந்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. நம்மவர்களின் இனிஷியல் படுத்தும் பாடு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்த எண்பத்தெட்டு வயது மாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நோட்டரி முன்னால் உட்காரவைத்தோம். பிள்ளையைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கை நடுங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டாப்பா, இத்தனை கையெழுத்து வாங்கறேளே, அவன் எனக்கு அங்க வீடு வாங்கி வெச்சிருந்தானா? சொல்லவே இல்லியே?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வழக்கு முடியுமுன் 2016-ல் அந்த மாமியும் போய்விட்டார். அவருடைய பங்கு இப்போது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கு. மறுபடியும் புதுச் சான்று, புது மொழிபெயர்ப்பு. அத்திம்பேரின் தம்பிகள் தங்கமானவர்கள். "மன்னி, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாக் குடும்பத்திலும் அப்படி அமையும் என்று யாரால் சொல்ல முடியும்?

2017 கடைசியில் அக்கா பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் மாறியது. கிட்டத்தட்ட மூன்று வருஷம். அதற்குள் துபாயில் வீட்டு விலை 2014-ல் இருந்த உச்சத்திலிருந்து இறங்கிவிட்டது. 2018-ல் விற்றோம். வக்கீல், மொழிபெயர்ப்பு, பராமரிப்புக் கட்டணம், போக வர என்று கழித்துப் பார்த்தால் அத்திம்பேர் இருபத்தாறு வருஷம் வெயிலில் சம்பாதித்ததில் ஒரு நல்ல பகுதி காகிதத்துக்கே போயிற்று. ஆனால் பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. அந்த மூன்று வருஷமும் அக்கா பிள்ளையிடம் மாதாமாதம் செலவுக்கு வாங்கிக்கொண்டு இருந்தாள். கேட்கக் கூசுகிற சுபாவம். ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. "நீ என்னடா பண்ணுவே" என்றுதான் சொன்னாள். நான் என்ன பண்ணியிருக்க வேண்டும் என்று எனக்கல்லவா தெரியும்?

இதில் ஒரு விசித்திரம். அத்திம்பேர் போன அதே 2015-ல், மே மாதம், துபாயின் சர்வதேச நிதி மையத்தில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிய ஓர் அலுவலகம் திறந்தார்கள். 2022-ல் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு சிவில் சட்டம் கொண்டுவந்து, 2023 பிப்ரவரி 1 முதல் அமலாக்கினார்கள். அதன்படி உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளை, பெண் எல்லோருக்கும் சமமாக. நல்ல சட்டம்தான். ஆனால் கவனித்தீர்களா? குழந்தைகள் இருந்தால் அதில் அம்மாவுக்குப் பங்கு இல்லை. ஆக, ஒரே குடும்பம், ஒரே வீடு. அம்மாவுக்கு ஒரு சட்டத்தில் கால் பங்கு, ஒரு சட்டத்தில் ஆறில் ஒன்று, ஒரு சட்டத்தில் ஒன்றுமே இல்லை. நம் மனசில் இருப்பது எது என்று எந்தச் சட்டத்துக்கும் தெரியாது. நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

சிலர், "நானும் என் ஆத்துக்காரியும் கூட்டாக வாங்கியிருக்கிறோம், அவள் பெயருக்குத் தானே வந்துவிடும்" என்கிறார்கள். துபாயில் அப்படித் தானாக வராது. காலமானவரின் பாதி, வாரிசு வழியாகத்தான் போகும்.

அமெரிக்காவில் வேறு மாதிரிச் சங்கடம். அங்கே பிரஜையாகவோ குடியுரிமை பெற்றவராகவோ இல்லாமல் நாம் வீடு வாங்குவது பொதுவாக எளிது. பிள்ளை பிரியத்தோடு அப்பா பெயரையும் சேர்த்துவிடுவான். ஆனால் அமெரிக்காவில் வசிக்காத பிறநாட்டவர் காலமானால், அங்குள்ள அவர் சொத்தில் 60,000 டாலருக்குத்தான் எஸ்டேட் வரி விலக்கு. அதற்கு மேல் போனால் வரி படிப்படியாக 40 சதவீதம் வரை ஏறும். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் கிடையாது. உயிரோடு இருக்கும்போதே விற்றாலும், விற்ற விலையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரி இலாகாவுக்குக் கட்ட வேண்டும். பிறகு கணக்குக் காட்டித்தான் மீட்க வேண்டும். பெயர் சேர்ப்பது பிரியம்தான். பிரியத்தைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

ஆகவே, வெளிநாட்டில் சொத்து உள்ள ஒவ்வொருவரும் அந்த தேசத்துக்கென்று தனி உயில், அந்த ஊர்ச் சட்டம் தெரிந்தவர் மூலம் எழுதுங்கள். இங்கே இந்தியச் சொத்துக்கு எழுதும் உயிலில் ஒரு வரியைப் பாருங்கள். வக்கீல் குமாஸ்தா வழக்கமாக, "இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து" என்று டைப் அடித்துவிடுவார். அந்த ஒரு வரி உங்கள் துபாய் உயிலையும் ரத்து செய்துவிடக்கூடும். "இந்தியாவிலுள்ள சொத்துக்கள் குறித்து மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

முடிக்குமுன் இன்னொரு விஷயம். வெளிநாடுகள் நம்மை இப்படி நடத்துகின்றனவே என்று மனம் வருந்த வேண்டாம். நம் தேசமும் அப்படித்தான். அமெரிக்கப் பிரஜையாகி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம் சொந்தப் பிள்ளை இங்கே வீடோ பிளாட்டோ வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் தாத்தா வைத்திருந்த நஞ்சையை அவன் வாரிசாகப் பெறலாம். பக்கத்து வயலைக் கிரயம் செய்ய முடியாது. மண் என்று வந்துவிட்டால் எந்த தேசமும் தன் பிரஜையை முதலில் பார்க்கும். அது நியாயமும்கூட.

பேச்சு முடிகிற நேரத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு மாமி கேட்டார்: "பேசாம பணத்தைப் பிள்ளைக்கே குடுத்து அவன் பேர்லயே வாங்கச் சொல்லிட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?"

நல்ல கேள்வி. பல குடும்பங்களுக்கு அதுவே சரியான வழி. எல்.ஆர்.எஸ். வழியாகப் பிள்ளைக்கு அன்பளிப்பாக அனுப்பலாம். ஆனால் மாமி, கொடுத்த பிறகு அது அவன் வீடு. உங்கள் வீடு அல்ல. வயதான காலத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். தவிர, கொடுப்பது அன்பளிப்பா கடனா என்பதைக் கொடுக்கும்போதே, மாட்டுப்பெண்ணும் இருக்கும்போது, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டதால் கெட்ட உறவுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று அகத்துக்குப் போனதும், வெளிநாட்டில் சொத்து இருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எனக்கு விற்றது என்ன? பணம் போன வழி என்ன? எனக்குப் பிறகு யாருக்கு? மூன்றாவது வரிக்குப் பதில் எழுதும்போது மனம் கொஞ்சம் சங்கடப்படும். விளக்கேற்றும் நேரமாக இருந்தால் அரை மணி கழித்து எழுதுங்கள், ஆனால் அன்றைக்கே எழுதுங்கள்.

நான் என் உயிலை எழுதிப் பதிந்துவிட்டேன். என் மனைவி, "இப்போ என்ன அவசரம்?" என்றுதான் கேட்டாள். அந்த வார்த்தையை நான் ஒரு தடவை சொன்னது போதும் என்றேன்.

 சுண்டல் ஆறுவதற்குள் எழுந்திருக்கலாம்.